ஜீவாவின் நாடும் நம் வீட்டுத் திண்ணையும்

சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 2020களின் இந்தியாவைக் கற்பனை செய்தது. அந்த ஆண்டுகளில்தான் இன்று நாம் வாழ்கிறோம். ஜீவா ஆளும் அந்நாட்டில் குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். ஆயுளின் எல்லையையும் அரசே வகுக்கும். குரங்கணி வாசகர் சிலரோடு இந்நூலைப் பற்றி உரையாடியபோது, “எங்கும் ஒழுங்கு இருக்கிறதே, அது குறையா?” என்ற கேள்வி எழுந்தது. எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று.

போடிநாயக்கனூரில் ஏலக்காயை நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரிக்கிறோம். சரக்குக்கு அது தகும். ஜீவாவின் நாடோ மனிதரையே அவ்வாறு பிரிக்கிறது. ஜீவா வெறும் பிம்பம் என்று வெளிப்படும்போது, குற்றம் சில சூழ்ச்சிக்காரரோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒழுங்குக்கு இசைந்து வாழ்ந்த மக்களின் மனசாட்சியை ஆசிரியர் போதுமான அளவு விசாரிக்கவில்லை. இதுவே நாவலின் குறை. ஆயினும் ‘மீண்டும் ஜீனோ’வில் நிலாவை அரசியாக்கிப் பின்னிருந்து ஆள்வோரைக் காட்டி, ஆள் மாறினாலும் அளவுகோல் மாறாது என உணர்த்துகிறார்.

அந்த அளவுகோல் நம்மிடமும் உண்டு. தென்மாவட்டங்களில் முதியோரை எண்ணெய்க் குளியலாலும் இளநீராலும் சாகச்செய்யும் ‘தலைக்கூத்தல்’ எந்தச் சர்வாதிகாரியின் ஆணையும் அன்று. ஜீனோ என்னும் இயந்திர நாய்க்காக நெகிழும் நாம், திண்ணையில் கிடக்கும் தாயை “இனி என்ன பயன்?” என்று கேளாதிருக்கிறோமா? நூலை மூடியபின் நாம் விடைதர வேண்டிய கேள்வி இதுவே.