கடியும் பிடியும்: டிரயல்ஸ் சைக்கிளின் பிரேக் கட்டையை ரசிப்பது எப்படி?

ஒரு பாறையின் விளிம்பு. அதன் மேல் ஒரு சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் ஊன்றியிருக்கிறது, முன்சக்கரம் காற்றில். ஓட்டுபவர் பெடல்களின் மேல் நிற்கிறார். உட்கார நினைத்தாலும் முடியாது, அந்தச் சைக்கிளுக்கு இருக்கையே கிடையாது. நின்ற நிலையிலேயே பின்சக்கரத்தால் இரண்டு முறை குதித்து இடத்தைச் சரிசெய்துகொள்கிறார். அடுத்த பாறை ஆறடி தள்ளி இருக்கிறது. ஒரு மூச்சு, ஓர் உதை. மறுகணம் அங்கே நிற்கிறார், அதே பின்சக்கரத்தின் மேல்.

டிரயல்ஸ் என்கிற இந்த விளையாட்டை முதன்முறை பார்க்கிறவர்கள் தாவலைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். வெகுநாள் கழித்துத்தான் கண் கீழே இறங்கியது. இத்தனை குதிப்பிலும் அந்தச் சக்கரம் இம்மி உருளவில்லையே, அதைப் பிடித்திருப்பது எது? ரிம்மின் இரு பக்கமும் அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு பிரேக் கட்டைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய கட்டைவிரல் நீளம். ஆளும் சைக்கிளும் அந்த விளிம்பில் நிற்பது அவற்றை நம்பித்தான். அவற்றைப் பார்க்கவும் கேட்கவும் பழகிக்கொண்டால் இந்த விளையாட்டின் உள்வாசல் திறக்கும்.

நிற்பதற்கு ஒரு பிரேக்

டிரயல்ஸ், மோட்டார் சைக்கிள் பெற்ற பிள்ளை. ஸ்பெயினின் கத்தலோனியாவில், மோன்டேசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு இணைந்திருந்த பெரே பி என்பவர், தன் மகன் மோட்டார் சைக்கிள் வித்தைகளைச் சின்னச் சைக்கிளிலேயே பழகட்டும் என்று தொடங்கிவைத்தார். அந்த மகன் ஓட் பி வளர்ந்து சைக்கிள் டிரயல்ஸிலேயே உலகப் பட்டங்கள் வென்றார். 1986 முதல் உலக சாம்பியன் போட்டிகள் நடக்கின்றன. 20 அங்குலச் சக்கரத்துக்கு ஒரு பிரிவு, 26 அங்குலத்துக்கு ஒரு பிரிவு. பாறை, மரத்துண்டு, கான்கிரீட் குழாய் என்று அடுக்கிய ஒவ்வொரு தடத்தையும் இரண்டு நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். கால் தரையில் பட்டால் தண்டம்.

மோட்டார் சைக்கிளில் தடையின் மேல் ஏற எஞ்சின் இருந்தது. சைக்கிளில் அந்த வேலை ஓட்டுபவரின் காலுக்கும் விரலுக்கும் வந்தது. நாம் அன்றாடம் ஓட்டும் சைக்கிளில் பிரேக்கின் வேலை ஓடும் வேகத்தைக் குறைப்பது. டிரயல்ஸில் பெரும்பாலான நேரம் குறைக்க வேகமே இருக்காது. லிவரை அழுத்தியதும் சக்கரம் ஊன்றிய காலாக மாறுகிறது. காற்று குறைவாக அடைத்த டயர் அமுங்கி எழும்போது ஓட்டுபவரும் கூடவே எழும்புகிறார். தாவும்போது ஒரு கணம் பிரேக்கை விட்டு, பெடலை உதைத்து, காற்றில் போய், டயர் பாறையைத் தொடும் அதே நொடியில் மறுபடி பிடிக்கிறார். இந்த விடுதலும் பிடித்தலும்தான் டிரயல்ஸின் தாளம்.

டிஸ்க் பிரேக் வந்த பிறகும் பின்சக்கரத்தில் ரிம் பிரேக்கை விடாதவர்கள் இந்த விளையாட்டில் ஏராளம். காரணத்தை ஒரு கதவில் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் கதவைத் தள்ள, நீங்கள் அதைக் கீல் அருகே தடுத்து நிறுத்திப் பாருங்கள். பிறகு தாழ்ப்பாள் பக்கம் தடுத்துப் பாருங்கள். டிஸ்க்கின் விட்டம் பல சைக்கிள்களில் 160 மில்லிமீட்டர். 26 அங்குலச் சக்கரத்தின் ரிம் 559 மில்லிமீட்டர். அதே உராய்வு விசை ரிம்மில் செலுத்தப்பட்டால் சக்கரத்தைத் தடுக்கும் திருப்புவிசை சுமார் மூன்றரை மடங்கு. தவிர, டிஸ்க்கின் பிடி போக்ஸ் கம்பிகள் வழியாகத்தான் டயருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வழியில் கம்பிகள் சற்றே முறுக்கிக்கொள்ளும். ரிம்மைப் பிடித்தால் அந்த இடைத்தூரம் இல்லை. மழையிலும் சேற்றிலும் டிஸ்க் நம்பகமானது என்பதால் முன்சக்கரத்தில் அதை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் பின்சக்கரத்தில் நிற்கும்போது கிடைக்கும் அந்த ஆணி அடித்த உறுதிக்காகப் பலரும் ரிம் பிரேக்கையே நாடுகிறார்கள்.

கடி வேறு, பிடி வேறு

டிரயல்ஸ்காரர்கள் ஒரு பிரேக் கட்டையை இரண்டு குணங்களால் எடைபோடுவார்கள். தமிழில் அவற்றைச் சொல்ல இரண்டு நல்ல சொற்கள் கைவசம் இருக்கின்றன: கடி, பிடி.

உருளும் ரிம்மைக் கட்டை தொட்ட கணத்தில் எவ்வளவு சட்டென்று பல் பதிக்கிறது என்பது கடி. பதித்த பிறகு, ஆளின் முழு எடையும் குதித்து இறங்கும்போது நழுவாமல் எவ்வளவு தாங்குகிறது என்பது பிடி. கடி நன்றாக இருந்து பிடி குறைவாக இருந்தால், சக்கரம் உடனே நின்று, சுமை ஏறியதும் மெல்ல வழுக்கும். பிடி நன்றாக இருந்து கடி தாமதமானால், தாவி இறங்கும்போது சக்கரம் ஒரு விரற்கடை ஓடிய பிறகுதான் நிற்கும். பாறை விளிம்பில் அந்த ஒரு விரற்கடைதான் நிற்பதையும் விழுவதையும் தீர்மானிக்கும்.

எல்லோருக்கும் ஒரே கலவை பொருந்தாது. போட்டித் தடத்தில் ஏறுகிறவருக்குப் பிடிதான் உயிர். நகரத் தெருக்களில், மதில்களிலும் படிக்கட்டுகளிலும் ஓட்டுகிற பாணி ஒன்று உண்டு; ஸ்காட்லாந்தின் டேனி மெக்காஸ்கில் 2009-இல் எடின்பரோவில் எடுத்த வீடியோ மூலம் உலகம் முழுக்க அறியப்பட்ட பாணி அது. அதில் முன்சக்கரத்தைத் தூக்கியபடி பின்சக்கரத்தில் உருண்டுகொண்டே, பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டுச் சமநிலை காக்க வேண்டியிருக்கும். விட்டால் ஓட்டம், தொட்டால் பூட்டு என்கிற கட்டை அங்கே தொல்லை. கடி படிப்படியாக ஏற வேண்டும்.

முதலில் ரிம்மைக் கேளுங்கள்

கட்டையைத் தேர்ந்தெடுப்பது கட்டையில் தொடங்குவதில்லை. மாவரைக்கக் குழவி வாங்குகிறவர் ஆட்டுக்கல்லைப் பார்க்காமல் வாங்குவாரா? அதைப் போல, முதலில் ரிம்மின் பக்கச் சுவரைத் தடவிப் பார்க்க வேண்டும்.

முதல் வகை வழவழப்பான ரிம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டது. இதற்கு மென்மையான, ரப்பர் குணம் மிகுந்த கட்டை வேண்டும். அது ரிம்மோடு ஒட்டிக்கொண்டு பிடிக்கும். ரிம் நெடுநாள் உழைக்கும், லிவரில் உணர்வு நயமாக இருக்கும். ஆனால் ஒரு துளி எண்ணெயோ ஈரமோ பட்டால் பிடி போய்விடும்.

இரண்டாவது, தார் தேய்த்த ரிம். ஆம், சாலைக்குப் போடும் தார்தான். சித்திரை வெயிலில் செருப்பில் ஒட்டி இழுக்கிறதே, அந்தப் பிசுக்கைத்தான் ஒரு கட்டியிலிருந்து ரிம்மில் மெல்லிய கோடாகத் தேய்த்துக்கொள்கிறார்கள். காய்ந்த நாளில் அபாரப் பிடி. மழை வந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

மூன்றாவதுதான் டிரயல்ஸுக்கே உரியது: கொத்திய ரிம். டயரைக் கழற்றிவிட்டு, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆங்கிள் கிரைண்டரால் ரிம்மின் சுவர் நெடுகச் சிறு சிறு கீறல்களை நெருக்கமாகப் போடுவார்கள். நம் வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் வழவழத்துப் போனால் கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தவைத்தோமே, அதே வேலை, அதே காரணம். வழவழத்த கல்லில் மிளகாய் நழுவும். வழவழத்த ரிம்மில் கட்டை நழுவும். ஆழமாகக் கொத்தினால் பிடி முரட்டுத்தனமாக இருக்கும், கட்டை சீக்கிரம் தேயும், ரிம்மின் சுவரும் மெலியும். மேலாகக் கொத்தினால் நயம் கூடும், ஆனால் விரைவில் மழுங்கும். மழுங்கினால் அம்மியைப் போலவே மறுபடி கொத்த வேண்டும். ஈரத்தில் மற்ற இரண்டையும்விட இது கைகொடுக்கும். கொத்திய ரிம்முக்கு மென்ரப்பர் உதவாது. கீறல்கள் அதை அரைத்துத் தூளாக்கிவிடும். பாலியூரித்தேன் போன்ற, கெட்டியான ஆனால் கீறலுக்குள் அமுங்கிப் பதியக்கூடிய கட்டைதான் பொருத்தம்.

கட்டையைக் கையில் எடுத்தால்

நகத்தால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெல்ல மேலே வந்தால் மென்மையான கலவை. நகம் தடம் பதிக்கத் திணறினால் கெட்டி. முகப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. கண்ணாடிபோல மின்னினால் மேல்தோல் இறுகிவிட்டது. உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் உள்ளிருக்கும் புதுத் தோல் வெளிவரும். பிறகு கட்டையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். மலிவானவற்றில் பிளாஸ்டிக் முதுகு. முழு அழுத்தத்தில் அது வளையும், அந்த வளைவில் விரலின் பலம் வீணாகும். குடைந்தெடுத்த அலுமினிய முதுகு வளையாது. ஒரே கலவை, ஒரே ரிம், முதுகு மட்டும் மாறினாலே லிவரில் வித்தியாசம் தெரியும்.

அந்த லிவரின் பின்னால் பெரும்பாலும் ஹைட்ராலிக் அமைப்பு இருக்கும். ஜெர்மனியின் பாட் உராக் ஊரைச் சேர்ந்த மகுரா நிறுவனம் 1987-இல் சைக்கிளுக்கு ஹைட்ராலிக் ரிம் பிரேக் கொண்டுவந்தது. அதன் வழியில் வந்த எச்எஸ்33 மாடலை டிரயல்ஸ் உலகம் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. கம்பி இழுவைக்குப் பதில் குழாயில் ஓடும் திரவம் இரண்டு பிஸ்டன்களைத் தள்ளுகிறது. அதற்குரிய எண்ணெயை வடித்துவிட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொள்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் இளகியது, லிவர் இலகுவாகப் போய்த் திரும்பும் என்பதற்காக. குளிர் நாடுகளில் அது உறையாமலிருக்க, காரில் ஊற்றும் கூலண்ட்டைக் கலந்துகொள்கிறார்கள்.

கட்டைகள் உள்நோக்கி அழுத்தும்போது அதே விசை சைக்கிள் சட்டத்தின் இரு கால்களையும் வெளிநோக்கி விரிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கக் குதிரை லாடம் போன்ற ஒரு வளைவை மேலே பூட்டுவார்கள். அதன் பெயர் பூஸ்டர். பார்க்கச் சாதாரணம், கழற்றிவிட்டால் பிடி பாதியாகிவிட்டதுபோல் தோன்றும்.

பொருத்துவதில் உள்ள அழகு

நல்ல கட்டையும் கோணல் பொருத்தில் தோற்கும். சாதாரணச் சைக்கிளில் கிறீச்சொலி வராமலிருக்கக் கட்டையின் ஒரு முனையைச் சற்று முன்தள்ளி வைப்பார்கள். டிரயல்ஸில் அந்தச் சலுகை இல்லை. கட்டையின் முகம் முழுவதும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொட வேண்டும். அதற்குச் சக்கரத்தில் கோட்டம் இருக்கக் கூடாது. கோட்டம் இருந்தால் கட்டையை ரிம்முக்கு நெருக்கி வைக்க முடியாது. நெருக்கி வைக்காவிட்டால் விரல் வீணாகப் பயணம் போகும். பிறகு ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டையை உப்புத்தாளில் தேய்த்து, பிரேக்கை லேசாக இழுத்தபடியே சில நிமிடம் ஓட்டிப் பழக்க வேண்டும். கட்டை ரிம்மின் உருவத்துக்கு இசைந்துகொள்ளும். அதற்கு முன் அந்தப் பிரேக்கை நம்பி உயரத்தில் ஏறுவது ஆபத்து.

காதைத் தீட்டுங்கள்

டிரயல்ஸ் வீடியோவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது பாதிதான் பார்ப்பது. வழவழ ரிம்மில் கட்டை உரசும்போது நீண்ட ஊளை எழும். கட்டை ஒட்டுகிறது, இழுபட்டு நழுவுகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடக்க, ரிம் அதிர்ந்து பாடுகிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதைத்தான். வில்லுக்கு ரோசின் தேய்ப்பதும் ரிம்முக்குத் தார் தேய்ப்பதும் ஒரே தத்துவம். கொத்திய ரிம்மின் குரல் வேறு. கரகரப்பான ஒரு ‘க்ர்ர்க்’, சட்டென்று அறுந்துவிடும்.

கேட்க வேண்டியது ஒலிக்குப் பின்வரும் மௌனத்தை. டயர் பாறையில் இறங்கும் ‘தப்’, கூடவே ஒரு குறுகிய கீச், பிறகு அமைதி. அந்த அமைதி நல்ல பிடியின் அடையாளம். கீச்சு நீண்டு இழுத்தால் கட்டை தோற்றுக்கொண்டிருக்கிறது. அடுத்த கணம் ஓட்டுபவரின் கால் தரையைத் தேடும்.

கண்ணுக்கும் ஒரு பயிற்சி சொல்கிறேன். பின்சக்கரத்தின் வால்வு முனையைப் பாருங்கள். ஓட்டுபவர் ஒரே இடத்தில் ஐந்து முறை குதித்தாலும், சட்டத்தை ஒட்டி வால்வு நின்ற இடம் மாறாவிட்டால் பிடி முழுமை. ஒவ்வொரு குதிப்புக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால், பிடி குறைகிறது என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புதிதாக ஓட்டத் தொடங்குகிறவர் என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால், மேலாகக் கொத்திய ரிம், நடுத்தரக் கெட்டியில் பாலியூரித்தேன் கட்டை, அலுமினிய முதுகு என்பேன். மழையிலும் ஓரளவு தாங்கும், தவறுகளையும் பொறுத்துக்கொள்ளும். பார்வையாளருக்கு என் வேண்டுகோள் இன்னும் சிறியது. அடுத்த முறை பிரான்சின் ஜில் கூஸ்தெலியேயோ ஸ்பெயினின் பெனிடோ ரோஸோ தாவும் காட்சி கிடைத்தால், தாவலை ஒருமுறை பாருங்கள். பிறகு அதே காட்சியை ஒலியோடு, பாதி வேகத்தில், லிவரில் இருக்கும் அந்த ஒற்றை விரலையும் பின்சக்கரத்தையும் மட்டும் பாருங்கள். அவ்வளவு உயரமான தாவல் எதன் மேல் ஊன்றித் தொடங்குகிறது என்பது அப்போது தெரியும்.