காட்டுக்குதிரையும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும்

போன சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில், ஷ்மிட் நினைவிடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு குதிரைக்காரர் சவாரிக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்த ஒரு பையன், கடித்த மிச்சத்தைக் குதிரை வாயருகே நீட்டினான். குதிரைக்காரர் சட்டென்று நடுவில் கை வைத்தார். "குடுக்காத தம்பி, மசாலா. ராத்திரி வயித்த வலிச்சு படுத்துக்கும், நான்தான் கூட நிக்கணும்." பையனின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. குழந்தை ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதானே இருக்கும்!

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன். ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் வேறொரு வகைக் குதிரைகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். "கோடியக்கரை காட்டுக்குதிரை" என்று தேடினால் வருமே, அந்த வீடியோக்கள். கூடவே "நெடுந்தீவு குதிரைகள்" வகையும். பத்துப் பன்னிரண்டு பார்த்திருப்பேன். யார் எடுத்தது என்பது முக்கியமில்லை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் மேலேயிருந்து ட்ரோன் காட்சி, பின்னணியில் புல்லாங்குழல். அப்புறம் "நம்ம தமிழ்நாட்டுல இப்படி ஒரு இடமா?" அப்புறம் மெதுவாகக் குதிரையை நெருங்குதல், "பயப்படாத, பயப்படாத" என்று கிசுகிசுத்தல். கடைசியில் கை நீளும். கையில் பிஸ்கட். குதிரை முகர்ந்து பார்த்து எடுத்துக்கொண்டால் அதுதான் உச்சக்கட்டம். காட்டு விலங்கு நம்மை நம்பிவிட்டதாம்.

இந்த வகை வீடியோவை அழகுணர்ச்சி இல்லாதது என்று சொல்ல மாட்டேன். சிலது நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. என் குறை, அவை சொல்கிற கதை இரண்டு இடத்தில் உடைகிறது என்பதுதான். ஒன்று "காட்டு" என்கிற சொல்லில். இன்னொன்று அந்த பிஸ்கட்டில்.

முதலில் சொல். கோடியக்கரைச் சரணாலயத்தில் மேய்கிற மட்டக்குதிரைகள் வீட்டில் வளர்த்து, பிறகு கைவிடப்பட்ட குதிரைகளின் வாரிசுகள். காட்டில் தோன்றியவை அல்ல, காட்டில் தங்கிவிட்டவை. ஆங்கிலத்தில் இதற்கென்று தனிச்சொல் இருக்கிறது. தமிழில் இல்லை, தெருநாய் என்கிற மாதிரி "தெருக்குதிரை" என்றால் கோடியக்கரையில் தெருவே இல்லை. நானும் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், "காடேறிய குதிரை" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையான காட்டுக்குதிரை என்று உலகத்தில் மிஞ்சியிருப்பதாகச் சொல்வது மங்கோலியாவின் பிரெவால்ஸ்கி குதிரை ஒன்றைத்தான். அதுவும் பழைய வளர்ப்புக் குதிரையின் வாரிசாக இருக்கலாம் என்று 2018ல் ஒரு மரபணு ஆய்வு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

சொல் சண்டை எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தில் அது உயிர்ப் பிரச்சினை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில், அதன் அட்டவணைகளில் பெயர் இருந்தால்தான் அது "காட்டு விலங்கு". சரணாலயத்துக்குள் காட்டு விலங்கைச் சீண்டக்கூடாது, தொல்லை தரக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. குஜராத்தின் காட்டுக்கழுதை இருக்கிறது. குதிரை இல்லை. ஆக வீடியோக்காரர் நூறு தடவை "காட்டுக்குதிரை" என்று சொன்னாலும், சட்டப்படி அது காட்டு விலங்கும் இல்லை, சொந்தக்காரர் இல்லாததால் வீட்டு விலங்கும் இல்லை. மிச்சம் இருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு டீயும்.

இனி பிஸ்கட். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. அதன் உடலமைப்பு அப்படி. தவறானது ஒன்று உள்ளே போய்விட்டால் திரும்பி வர வழி இல்லை. குடல்வலி என்பது நமக்கு ஒரு ராத்திரி அவஸ்தை, குதிரைக்கு அது சாவாகவும் முடியும். நார்ப்புல்லை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மென்று பழகிய வயிற்றில் மாவும் சர்க்கரையும் விழுந்தால் குடலுக்குள் புளிப்பே வேறு மாதிரி ஆகிவிடும். இவ்வளவும் பெசன்ட் நகர் குதிரைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மசாலா சோளம் அவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம், ஒரு நாள் வருமானம். கோடியக்கரையில் அந்த ராத்திரி கூட நிற்க யாரும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, இங்கே கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குவதையும், ஒரு வருஷம் முடிவதற்குள் அதில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். காரணமாக அவர் சொல்வது, குதிரை பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்பது. அவர் மிகைப்படுத்துகிற ஆள்தான்; அரபு வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை இங்கே வரவிடவில்லை என்கிற கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறார். ஆனாலும் படிக்கும்போது, அன்பாகக் கண்டதையும் ஊட்டுகிற பழக்கம் நமக்குப் புதிதில்லை போல என்று தோன்றியது. பட்டினப்பாலை காலத்திலிருந்தே நமக்குக் குதிரை கடல் வழியாக வந்த பொருள். ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண்ணால் எத்தனையோ குதிரை செய்து வைத்திருக்கிறோம். உயிருள்ள குதிரையோடு ஊர்க்காரர்களுக்கு இருந்த பழக்கம் கம்மிதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதே கதை வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கிறது. வட கரோலினாவின் கொரொல்லா கடற்கரையில் 2020ல் ஒரு வயதுக் குட்டி ஒன்று ஆப்பிள் தொண்டையில் சிக்கிச் செத்தது. ஆப்பிள்! குதிரைக்கு ஆப்பிள் கொடுப்பது எல்லாக் கதைப்புத்தகத்திலும் இருக்கிறதே. ஆனால் கடலோரப் புல்லைத் தவிர வேறெதையும் தின்று பழகாத குட்டிக்கு அது கல் மாதிரி. அங்கே குதிரையிலிருந்து 50 அடி தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. மேரிலாண்டின் அசடீக் தீவில் 40 அடி. ஒரு பஸ் நீளம் என்று பார்வையாளர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நம்ம 21ஜி பஸ்ஸை மனசுக்குள் குறுக்கே நிறுத்திப் பார்த்தால் சரியாக வரும். அங்கே கையால் தின்னப் பழகிய குதிரைகள் ரோட்டோரம் வந்து காருக்காகக் காத்து நிற்கும். கார் இடித்துச் சாகும். கையில் கொடுத்தவர் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

வீடியோக்களில் எங்கேயும் வராத விஷயம் இது. பிஸ்கட்டை எடுத்துக்கொண்ட குதிரை அடுத்த வண்டியை என்ன செய்யும் என்று எந்த கேமராவும் காத்திருந்து பார்ப்பதில்லை.

நெடுந்தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறிகட்டுவானில் படகேறினால் சுமார் ஒரு மணி நேரம். போர்த்துகீசியர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை என்பார்கள். பவளக்கல் வேலிகளும் பழைய லாயத்தின் தூண்களும் இன்னும் நிற்கின்றன. 2015ல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே குதிரைகளைக் கொல்வது தண்ணீர் இல்லாத வறட்சி. நல்ல தண்ணீருக்கு மனிதர்களே திண்டாடுகிற தீவு அது. வீடியோவில் அந்தக் குதிரைகள் எலும்பு தெரிய நிற்பதைக்கூட "பாலைவன அழகு" என்று ஒருவர் வர்ணித்திருந்தார். எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் அது. அங்கே போகிறவர் கேட்கவேண்டிய கேள்வி, தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது யார், கோடையில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பது.

சரி, இப்போது மறுபக்கம். இதை எழுதுகிறேன் என்றதும் மயிலாப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். அவர் வெளிமான் பற்றி வேலை செய்தவர். "குதிரையைக் காப்பாத்தறதா? முதல்ல மானைக் காப்பாத்துங்க சார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கோடியக்கரைச் சரணாலயம் 1967ல் ஏற்படுத்தப்பட்டதே வெளிமானுக்காக. மொத்தம் சுமார் 21 சதுர கிலோமீட்டர். அதில் திறந்த புல்வெளி இன்னும் குறைவு. மானும் குதிரையும் ஒரே புல்லைத் தின்கின்றன. குதிரை சீமைக்கருவேலக் காயைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டுக்கொண்டே போகிறது. முளைக்கிற ஒவ்வொரு கருவேலமும் புல்வெளியைக் கொஞ்சம் விழுங்குகிறது. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் இதைப்பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறார்கள், குதிரை எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மானும் சேர்ந்துதான் செத்தது, குதிரையும் சேர்ந்துதான் செத்தது. ஆனால் மறுபடி பெருகுவதில் இரண்டுக்கும் சமமான களம் இல்லை என்பது நண்பரின் வாதம்.

என் குறை நண்பர் மீதும் கொஞ்சம் உண்டு. அவர் பேச்சில் குதிரை வெறும் "அயல் இனம்". வீடியோக்காரர் பேச்சில் அது "சுதந்திரத்தின் சின்னம்". இரண்டு பேரும் அந்தக் குதிரையை நேராகப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கூட்டிக்கொண்டு வந்தது நாம், வேலை வாங்கினது நாம், விட்டுவிட்டுப் போனதும் நாம். அதன் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். எப்படிக் குறைப்பது என்பதில்தான் மனிதக் கை எவ்வளவு கொடூரமாக இருக்கும் என்பது தெரியும். மேரிலாண்டில் 1994லிருந்து பெண் குதிரைகளுக்குக் கருத்தடை மருந்தை அம்பு ஊசியாகத் தூரத்திலிருந்தே செலுத்துகிறார்கள்; கூட்டத்தை 80லிருந்து 100க்குள் வைத்துக்கொள்வது இலக்கு. பிடிப்பதில்லை, விரட்டுவதில்லை. அதே தீவின் வர்ஜீனியா பக்கம், நடுவில் ஒரு வேலி அவ்வளவுதான், தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தமான கூட்டத்தை வருஷா வருஷம் ஜூலையில் கால்வாயில் நீந்தவிட்டுக் குட்டிகளை ஏலம் போடுகிறார்கள். பெரிய திருவிழா. அதுவும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எப்படியோ, இரண்டு பக்கமும் குதிரைக்கு இவர்தான் பொறுப்பு என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். கோடியக்கரையிலும் அப்படி ஒரு ஊசித் திட்டம் மானுக்கும் நல்லது, குதிரைக்கும் நல்லது. செலவு பிடிக்கும், பொறுமை இன்னும் அதிகம் பிடிக்கும்.

நம்ம கடற்கரைக் குதிரைகளுக்குக் காகிதத்திலாவது ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற இடத்தில் பகல் 12லிருந்து 3 வரை கூடவே கூடாது என்று இருக்கிறது. சவாரி ஆளும் சுமைதானே என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மே மாத மெரினாவில் நண்பகலில் நிற்கிற குதிரையைப் பார்த்தால் இந்த விதியை யாராவது படித்திருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றும். அது தனிக் கட்டுரை, இன்னொரு நாள்.

கடைசியாக ஒரு கணக்கை முடிக்க வேண்டும். ரொம்ப வருஷம் முன்னால் இதே பக்கத்தில் கோடியக்கரைப் பயணம் பற்றி ஒன்று எழுதியிருந்தேன். பூங்குழலியைத் தேடிப் போகிறேன் என்று ஆரம்பித்து நீளமாகப் போகும். அதில் நாலாவது படத்தில் சாம்பல் நிறக் குதிரை ஒன்றும், அதன் முன்னால் ஒரு கையும் இருக்கும். கை என்னுடையது. கையில் இருப்பது பிஸ்கட்தான். "இயற்கையோடு ஒரு நிமிடம்" என்று கீழே எழுதியிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. படத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. கீழே இருந்த வரியை மட்டும் நேற்று மாற்றினேன்: "இதைச் செய்யாதீர்கள். செய்தவன் எழுதுவது."