டூம்ஸ்டே ஏடு கூறுவதும் கூறாததும்

நார்மானியர் இங்கிலாந்தை ஆண்ட வரலாற்றை எழுதுவோர் டூம்ஸ்டே ஏட்டைப் புகழாமல் விடுவதில்லை. 1085ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்தநாள் விழாவின்போது குளோஸ்டரில் அவை கூட்டிய முதலாம் வில்லியம், நாட்டில் நிலம் எவ்வளவு, அது யார் கையில் உள்ளது, அதன் மதிப்பு யாது எனக் கணக்கெடுக்கப் பணித்தான். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் பதிவாயின. அக்கால ஐரோப்பாவில் இதற்கு ஈடு காட்டுதல் அரிது. ஆயினும் நார்மானியரின் ஆட்சித்திறனுக்கு மட்டுமே இதனைச் சான்றாகக் கொள்வது பொருந்துமா?

கணக்கெடுத்த முறையை நோக்கின் விடை விளங்கும். மன்னனின் ஆணையர்கள் ஷயர் எனப்படும் மாவட்ட மன்றத்தின் வாயிலாகவே சாட்சியம் பெற்றனர். ஷயரின் உட்பிரிவாகிய ஹண்ட்ரட் ஒவ்வொன்றின் சார்பிலும் சிலர் சத்தியம் செய்து சான்றுரைத்தனர். ஊர்தோறும் பாதிரியாரும் மணியக்காரரும் குடியானவர் அறுவரும் சத்தியம் செய்ததாக ஈலி மடத்துப் பதிவு கூறுகிறது. இம்மன்றங்கள் வில்லியம் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை அல்ல. 1066க்கு முன்பே ஆங்கில மன்னர் காலத்தில் வேரூன்றியவை. தோற்றவனின் மன்றத்தைக் கொண்டே வென்றவன் தன் உடைமையை உறுதி செய்துகொண்டான். பாடநூல்கள் இதனை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன.

அதே ஹண்ட்ரட்டின் மீதுதான் 'மர்ட்ரம்' என்னும் தண்டமும் விழுந்தது. கொன்றவன் பிடிபடாவிடில், இறந்தவன் ஆங்கிலேயன் என மெய்ப்பித்தாலன்றி அவ்வட்டாரத்தார் அனைவரும் தண்டம் கட்டவேண்டும். செத்தவனின் இனம் பார்த்த இச்சட்டம் 1340இல்தான் நீங்கியது.

ஏட்டின் மௌனங்களும் கவனிக்கத்தக்கவை. எட்வர்ட் மன்னன் காலத்தில் நிலம் யாருடையது, இப்பொழுது யாருடையது என்றே அது கேட்கிறது. இடையில் முடிசூடி ஒன்பது மாதம் ஆண்ட ஹரால்டைப் பெரும்பாலும் 'ஏர்ல்' என்ற பிரபுப் பட்டத்தாலேயே குறிக்கிறது. 1069-70ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வில்லியத்தின் படை யார்க்ஷியரை எரித்தது. ஏட்டிலோ ஊருக்கு ஊர் 'பாழ்' என்னும் சொல்லே நிற்கிறது. அச்சொல் ஒவ்வோரிடத்தும் எரியுண்ட ஊரைத்தான் குறிக்குமா என அறிஞர் வாதிடுகின்றனர். அவ்வாதத்துக்கு இடம் வைத்ததே ஏட்டின் சுருக்கம்.

பீட்டர்பரோ மடத்தில் பேணப்பட்ட ஆங்கில ஆண்டுக்குறிப்பு நூலில் வேறொரு குரல் ஒலிக்கிறது. எருது, பசு, பன்றி ஒன்றுகூடத் தப்பாமல் எழுதப்பட்டதென்றும், மன்னன் செய்ய நாணாததைச் சொல்லத் தனக்கு நாணமாக உள்ளதென்றும் அதன் ஆசிரியர் குமுறுகிறார். பெரிய ஏட்டைப் புரட்டுவோர்க்கு இது மிகையாகத் தோன்றலாம். அதில் மாடும் பன்றியும் பொதுவாகக் காணப்படா. ஆனால் எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் ஆகியவற்றுக்குரிய சிறிய ஏட்டில் அவை எண்ணப்பட்டுள்ளன. எழுதியவர் பொய்யுரைக்கவில்லை, எடுத்த கணக்கைச் சுருக்கியபோது கால்நடை கழிக்கப்பட்டது. இதே ஆண்டுக்குறிப்பு, வில்லியம் நாட்டில் நிலைநாட்டிய அமைதியைப் பாராட்டவும் தவறவில்லை. ஆதலின் இதனை வெறும் வசைநூல் எனத் தள்ளுதல் இயலாது.

1086க்குள் மன்னனிடமிருந்து நேரே பெருநிலம் பெற்றிருந்த ஆங்கிலேயர் மிகச் சிலரே. ஆர்டன் தோர்க்கெல், லிங்கன் கோல்ஸ்வைன் என இருவரையே வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மற்றவர் கதி யாது? பக்கிங்காம்ஷியரில் மார்ஷ் கிப்பன் என்றோர் ஊர். எட்வர்ட் காலத்தில் அந்நிலம் எய்ல்ரிக் என்பவனுடையது. இப்பொழுதும் அவனே அதனை வைத்திருக்கிறான். ஆனால் வில்லியம் ஃபிட்ஸ் ஆன்ஸ்கல்ஃப் என்ற பிரபுவிடம் குத்தகைக்கு! பெரும் சுமையோடும் அவலத்தோடும் அவன் அதனை வைத்திருப்பதாகப் பதிவு சொல்கிறது. பெரிய ஏடு ஏறத்தாழ முழுவதும் ஒரே எழுத்தரின் கைவண்ணம். சொற்களைக் குறுக்கிக் குறுக்கி எழுதிய, மாட்டையும் பன்றியையும் விலக்கிய அந்த எழுத்தர், எய்ல்ரிக்கின் அவலத்தை மட்டும் ஏனோ அடிக்காமல் விட்டுவைத்தார்.