நடக்கும் மேளம், உட்கார்ந்த மேளம்

நம் மேளம் கடல் கடந்து போவதைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பெருமிதம் முந்திக்கொள்கிறது. எந்த ஊர், எத்தனை மேடை, எவ்வளவு கைதட்டல். போனது எது, கரையிலேயே நின்றுவிட்டது எது என்று கேட்பவர் இல்லை.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். கார்த்திகைத் தீபத் திருவிழா நாட்களில் காலையில் விநாயகரும் சந்திரசேகரரும், இரவில் பஞ்சமூர்த்திகளும் மாட வீதி வருகிறார்கள். புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்யம் கிடையாது. சுவாமியைத் தூக்குகிறவர்களின் தோளுக்கும் காலுக்கும் அமைந்த லயம் அது. தேரடித் தெருவை விட்டுத் திருவூடல் தெரு திரும்பி, பே கோபுரத் தெருவுக்கு வருவதற்குள் ராகம் மாறும். மூலையில் சுவாமி நிற்கும் நேரம்தான் ஆலாபனையின் நீளம். ஒரு வீட்டு வாசலில் தேங்காய் உடைக்கத் தாமதமானால் காம்போதி இன்னும் கொஞ்சம் விரியும். ஏழாம் நாள் ஐந்து தேர்களும் ஓடுகிறபோது கணக்கெல்லாம் வடக்கயிற்றின் கையில். ஆக, இந்த இசையின் உருவத்தை வித்வான் மட்டும் தீர்மானிப்பதில்லை. வீதியும் சேர்ந்து தீர்மானிக்கிறது. வீதி இதற்குப் பின்னணி அல்ல, யாப்பு.

இந்த யாப்பை எந்த விசா விண்ணப்பத்தில் எழுதுவது? அமெரிக்காவுக்குப் போகிற மரபுக் கலைக் குழுவுக்கு பி-3 என்று ஒரு வகை விசா இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் வேண்டும். இந்தக் கலை ஒரு பண்பாட்டுக்கே உரியது, அசலானது என்பதற்கு அத்தாட்சி வேண்டும், நிபுணர்களின் கடிதம் அதற்கு உதவும். நிபுணர் சாட்சி சொல்லிவிடுவார். ஆனால் சாட்சி சொல்லப்படும் பொருள் அந்தக் கடிதத்திலேயே மாறிவிடுகிறது. தேதி, மண்டபம், எத்தனை மணி நேரம் என்று எழுதக்கூடியது எதுவோ அதுதான் எல்லை தாண்டுகிறது. மூலையில் நிற்கும் நேரத்தை எழுத ஒரு கட்டமும் இல்லை.

சாமான்களுக்கும் விசாரணை உண்டு. தவிலின் தோலை ஆஸ்திரேலியா போன்ற தேசங்களில் சுங்கத்தில் காட்டியாக வேண்டும். நாகஸ்வரத்தில் சீவாளியோடு தொங்கும் தந்த ஊசி, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைத் தடுக்கும் 1975இல் அமலுக்கு வந்த உடன்படிக்கைக்குப் பின் வழக்குக்குரிய பொருளாகிவிட்டது. இவை சமாளிக்கக்கூடியவை. ஆள் கணக்கு அப்படியல்ல. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கழற்றப்படுகிறவர் ஒத்து ஊதுகிறவர். சுருதிப் பெட்டி போதும். (இதற்கு எல்லையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளூரிலேயே ஒத்து போய்விட்டது. தீபாராதனைக்கு மோட்டார் வைத்த மேளம் அடிக்கிற கோயில்கள் எத்தனை! அந்த இயந்திரத்துக்குப் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள்.)

எல்லைக்கு வருமுன்பே மேளம் உட்கார்ந்துவிட்டது என்பதும் உண்மை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை உயர்ந்த சுருதித் திமிரியை விட்டுச் சுருதி தாழ்ந்த, நீளமான பாரியை நிலைநிறுத்தினார். மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அதில் மானம் இருந்தது. தோளில் துண்டு போடக் கூடாது என்று மேளக்காரரைத் தடுத்த ஊர்வலங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. அவரைப் பார்த்து 'வீதியை விட்டீரே' என்று கேட்கும் யோக்கியதை ரசிகனுக்குக் கிடையாது. ஆனால் ரசனை அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வாணவெடிச் சத்தம் இடைஞ்சல் என்று வித்வான் வாசிப்பையே நிறுத்திவிடுகிறான். கொட்டகையில் இருந்தவர்கள் மெச்சினார்கள். திருவிழாவின் சத்தம் கலைக்கு விரோதி என்று ஆன பிறகு, நியூஜெர்சி மண்டபத்தின் நிசப்தம் மோட்சமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. அருணாசலத்தைச் சாரங்காவில் பாடிய அதே முத்துசுவாமி தீட்சிதர்தான் வெள்ளைக்காரப் பாண்டின் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் செய்தார். அவர்களுடைய ராஜ வாழ்த்து 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. மெட்டு வந்தது, சிப்பாயின் கால் வரவில்லை. இன்று அவை குழந்தைகள் சப்பணமிட்டுப் பாடுகிறவை.

எல்லை தாண்டினால் எல்லாமே இப்படித்தான் என்று முடித்துவிட முடியாது. யாழ்ப்பாணம் இருக்கிறது. தமிழகத்து மேளங்கள் அங்கே திருவிழாக்களுக்குப் போய் வாசித்தன. இணுவிலில் பிறந்த தட்சிணாமூர்த்தி இந்தக் கரைக்கு வந்து, தவில் என்றால் அவர் என்று ஆனார், 1975இல் மறைந்தார். அந்தப் போக்குவரத்தில் இசை குறைபடவில்லை. அக்கரையிலும் ஒரு வீதி காத்திருந்தது காரணம். நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு மல்லாரியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையின் 1948 குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்து காகிதம் கேட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. எண்பதுகளில் யுத்தம் ராமேஸ்வரம் கப்பலையும் நிறுத்தியது. ஒவ்வொன்றாக அடைபட்டது பயணிகளின் வழி மட்டுமல்ல; மேளம் நடந்தபடியே போய்ச் சேரக்கூடிய ஒரே வெளிநாடும்தான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. அதைக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. தோட்டக் கூலியாக மலாயாவுக்குக் கப்பலேறியவனின் காகிதத்தில் கலைஞன் என்று யாரும் எழுதவில்லை. அவன் வழி வந்ததுதான் உருமி மேளம். பத்துமலையிலும் பினாங்கிலும் தைப்பூசக் காவடிக்கு முன்னால் அது இன்றும் நடக்கிறது. சபைகளில் அதற்கு மதிப்பில்லை, நிபுணர் கடிதம் கிடைக்காது. கலைஞன் என்ற முத்திரையோடு போனவனுக்கு மேடை கிடைத்தது. கூலி என்ற முத்திரையோடு போனவன் வீதியைக் கொண்டுபோயிருக்கிறான். எது அசல் என்று இப்போது யாரைக் கேட்பது?

சிங்கப்பூர் இதே கதையை வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் சாலையிலிருந்து டாங்க் சாலைக்குப் போகிறது. குழுக்களுக்குள் சண்டை, ஊர்வலம் தடைப்படுகிறது என்று சொல்லி 1973இல் வாத்தியங்களை நிறுத்தினார்கள். காவடி நடக்கலாம், மேளம் நடக்கக் கூடாது. எல்லை துறைமுகத்தில் இல்லை, தெருவிலேயே வந்துவிட்டது. 2016இல் வழியில் மூன்று இடங்களில் மட்டும் வாசிக்க அனுமதி கிடைத்தது. 2019இல் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்த மூன்று இடங்களை நினைத்துப் பார்க்கவேண்டும். அலகு குத்தியவன் மௌனத்தில் நடந்து வருகிறான். ஓரிடத்தில் மேளம் கேட்கிறது, கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. நாலு எட்டு வைப்பதற்குள் மேளம் பின்னால் போய்விடுகிறது.