கேட்டதும் கிடைத்ததும்

நாவலில் வருகிற பிரார்த்தனைகளைப் பற்றி எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. கதாபாத்திரம் கடவுளிடம் ஒன்றைக் கேட்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் கடவுள் கையில் இல்லை. பேனா பிடித்தவன் கையில் இருக்கிறது. அவன் நினைத்தால் அடுத்த பாராவிலேயே மழை கொட்டிவிடும். கடவுளின் ஸ்தானத்தில் தானே உட்கார்ந்துகொண்டு பிரார்த்தனையைப் பற்றி உண்மையாக எழுதுவது எப்படி? இரண்டு ஆங்கில நாவல்களை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். ஒன்றை எழுதியவர் மதநம்பிக்கையை இழந்தவர். மற்றதை எழுதியவர் கத்தோலிக்கராக மாறியவர்.

ஸாமர்ஸெட் மாம் 1915-ல் வெளியிட்ட ‘ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்’ நாவலில் பிலிப் கேரி என்ற பையனுக்குப் பிறவியிலேயே பாதம் கோணல். தாய் தகப்பனை இழந்து, பாதிரியாரான சிற்றப்பன் பெரியப்பன் முறைக்காரர் ஒருவர் வீட்டில் வளர்கிறான். விசுவாசமிருந்தால் மலையும் நகரும் என்று பைபிளில் படிக்கிறான். உண்மைதானா என்று பாதிரியாரிடம் கேட்கிறான், உண்மைதான் என்கிறார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கால் நேராகவேண்டும் என்று நாள் குறித்து, குளிரில் உடையைக் களைந்து, வெறுந்தரையில் முழங்காலிட்டு ஜபிக்கிறான். குறித்த நாளில் விழித்துப் பார்த்தால் கால் பழைய கால்தான். யாருக்கோ நடந்ததுபோல் பாதிரியாரிடம் விசாரிக்கிறான். விசுவாசம் போதவில்லை என்று அர்த்தம் என்கிறார் அவர்.

இந்த இடத்தில் மாம் கடவுளைப் பழிக்கவில்லை, ஏளனமும் செய்யவில்லை. பையன் எதற்காகக் கேட்கிறான் என்று அந்தப் பெரியவருக்கு விசாரிக்கத் தோன்றவில்லை. அதை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வாசகனுக்குச் சுருக்கென்று தைக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிலிப் வைத்தியம் படிக்கும்போது ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் அவன் காலில் அறுவை சிகிச்சை செய்கிறார். ஊனம் முற்றிலும் போகவில்லை என்றாலும் கொஞ்சம் குறைகிறது. கடவுளிடம் கேட்டதில் ஒரு பங்கைக் கத்தி கொடுத்துவிடுகிறது! கடைசி அத்தியாயங்களுக்கு வரும்போது பிலிப் தன் ஊனத்தோடு சமாதானமாகிறான். தன்னை வதைத்தவர்களை மன்னிக்கிறான். சிலுவையில் கிறிஸ்து சொன்ன மன்னிப்பு வார்த்தைகள் அவனுக்கு ஞாபகம் வருகின்றன. இதை எந்த டாக்டரும் கொடுத்திருக்க முடியாது. யார் கொடுத்தது என்று மாம் சொல்லவில்லை. அவன் அதைக் கேட்கவுமில்லை.

கிரஹாம் கிரீனின் ‘தி எண்ட் ஆஃப் தி அஃபேர்’ 1951-ல் வந்தது. ஸாரா கல்யாணமானவள், பெண்ட்ரிக்ஸ் என்ற எழுத்தாளனைக் காதலிக்கிறாள். 1944-ல் லண்டனில் குண்டு விழுந்து, கதவின் கீழ் அவன் கை மட்டும் தெரிகிறது. செத்துவிட்டான் என்று நினைத்து, நம்பாத கடவுளிடம் மண்டியிடுகிறாள்: அவனைப் பிழைக்க வை, நான் அவனை விட்டுவிடுகிறேன். நம் ஊர்ப் பாஷையில் இது நேர்த்திக்கடன்தான். மறு நிமிஷம் அவன் உயிரோடு வந்து நிற்கிறான். அது தெய்வச் செயலா, அவன் சாகவே இல்லையா? கிரீன் இரண்டுக்கும் இடம் வைக்கிறார். நேர்த்திக்கடனைச் செலுத்தும் வேதனையில் அவள் பிரார்த்தனையும் மாறுகிறது. தனக்குள்ள நிம்மதியை எடுத்து அவனுக்குக் கொடுக்கும்படி கேட்கிறாள். மனிதர் யாரும் கொடுக்க முடியாததைக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆங்கில நாவலில் இதற்கு இணையான பக்கங்கள் எனக்கு அதிகம் தெரியாது.

அங்கேயே கிரீன் நிறுத்தியிருக்கலாம். ஸாரா இறந்த பிறகு அற்புதங்கள் ஆரம்பிக்கின்றன. ஒரு பையனின் வயிற்று வலி தீர்கிறது. கடவுள் இல்லையென்று பிரசாரம் செய்கிற ஸ்மைத்தின் கன்னத்திலிருந்த பிறவி மச்சம் மறைகிறது. நாவலாசிரியர் கடவுளுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டார். இது தவறென்று கிரீனுக்கே பட்டிருக்கிறது. பிற்காலத்துத் தொகுப்புப் பதிப்பில் அந்த மச்சத்தை, நரம்புக் கோளாறினாலும் வரக்கூடிய ஒரு தோல் வியாதியாக மாற்றினார்.

பவுல் அப்போஸ்தலர் தம் சரீரத்தில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மும்முறை வேண்டியதாகக் கொரிந்தியருக்கு எழுதினார். முள் எடுக்கப்படவில்லை, அதைத் தாங்கக் கிருபை கிடைத்தது. கிறிஸ்தவ வேதத்தின் இந்த இடத்தை நினைத்துக்கொண்டு இரு நாவல்களையும் படித்தால், முடிவைப் பொறுத்தவரை பவுலுக்குச் சமீபத்தில் நிற்கிறவர் மாம் என்றே தோன்றுகிறது. நம்பிக்கையுள்ளவர் மச்சத்தை மறையவைத்தார். நம்பாதவர் முள்ளை இருந்த இடத்திலேயே விட்டார்.

இதனால், காலுக்காகவும் உயிருக்காகவும் வேண்டுவது மட்டமான பிரார்த்தனை என்று சொல்ல வரவில்லை. ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற தாய் குழந்தையின் உயிரைத்தான் கேட்பாள். அதற்குமேல் உயர்ந்ததைக் கேள் என்று அவளுக்கு உபதேசம் செய்ய எவனுக்கும் யோக்கியதை கிடையாது. பிலிப்பின் பாதிரியார் செய்த பிழையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். ஆனால் அவளைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. குழந்தையைப் பிழைக்கவைப்பது அவனுக்குச் சுலபம். ஒரு வரி போதும். பிழைக்காமற்போன பிறகும் மறுநாள் காலையில் அவள் எழுந்து அடுப்பு மூட்டுகிறாளே, அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? அதை எழுத முடிந்தால் அவன் நாவலாசிரியன். பதிலை வாசகர் தம் நம்பிக்கைப்படி சொல்லிக்கொள்ளட்டும்.