நடுநிலை என்னும் சொல்: கொப்பன்கேகன் காலநிலைத் திட்டம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கிய விமர்சனத் துறையில் 'நடுநிலை' என்னும் சொல்லோடு எமக்கு நெடுநாட் பிணக்குண்டு. வர்க்கங்களாகப் பிளவுண்ட சமுதாயத்திலே எப்பக்கமும் சாராது நிற்பதாகக் கூறிக்கொள்ளும் எழுத்து, பெரும்பாலும் உள்ளதை உள்ளவாறே பேணும் பக்கத்தையே சார்ந்து நிற்கிறது என்பது மார்க்சிய விமர்சகர் பலகாலும் எடுத்துரைத்த ஒன்று. அச்சொல் இன்று பிறிதொரு துறையிலே புதுவாழ்வு பெற்றுள்ளது. பச்சைவீட்டு வாயுக்களைக் குறைப்பதற்கென நகரங்களும் பிரதேசங்களும் வெளியிடும் திட்ட ஏடுகளில் 'காபன் நடுநிலை' என்பது மந்திரம்போல ஒலிக்கிறது. திட்ட ஏடும் ஒரு பனுவலே. அதற்கும் உருவகங்கள் உண்டு, மௌனங்களும் உண்டு. ஆதலின் அதனை நாம் வாசிக்கப் புகுவது எல்லை மீறலாகாது என எண்ணுகிறோம்.

2012 ஆகஸ்ற் மாதத்தில் கொப்பன்கேகன் மாநகர சபை ஏற்றுக்கொண்ட காலநிலைத் திட்டம், 2025 இல் உலகின் முதலாவது காபன் நடுநிலைத் தலைநகராதலைத் தன் இலக்காக அறிவித்தது. உமிழ்வே இல்லாதொழியும் என அது கூறவில்லை. மோட்டார் வாகனங்கள் முதலியன தொடர்ந்து வெளிவிடும் காபனீரொட்சைட்டுக்கு ஈடாக நகரம் காற்றாலைகளை நிறுவி மிகை மின்சாரத்தை வெளியே அனுப்பும். அம்மின்சாரம் பிறவிடத்தில் தவிர்க்கும் புகை நகரத்தின் வரவிலே எழுதப்படும். வரவும் செலவும் சமனாகும் வேளையில் நகரம் நடுநிலை எய்தும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கு அது நிறைகோல் பிடிப்பவனின் ஒழுக்கம். இங்கோ கணக்கேட்டின் மீதி. கோலைப் பிடித்திருப்பவர் யார், தட்டில் ஏற்றப்படாது விடப்பட்டது எது என்னும் வினாக்கள் இப்பெயர்ச்சியில் மறைந்துபோகின்றன.

ஏற்றப்படாதவை பல. திட்டத்தின் கணக்கு நகர எல்லையோடு முடிவது. நகரமாந்தர் உடுக்கும் துணியின் புகை, அதனை நெய்தும் தைத்தும் அனுப்பும் நாட்டாரின் கணக்கிலே சேரும். உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பற் கம்பனிகளுள் ஒன்றான மேர்ஸ்க்கின் தலைமையகம் இந்நகரத்திலேயே உள்ளது. அதன் கப்பல்கள் நடுக்கடலில் எரிக்கும் எண்ணெய் நகரத்தின் ஏட்டில் இல்லை. இலாபம் வந்துசேரும் இடமும் புகை எழுதப்படும் இடமும் வேறுவேறாயின. இதனைத் திட்ட வரைஞரின் வஞ்சகம் எனக் கொள்ளுதல் மேலோட்டமான நோக்காகும். பண்டத்தின் பின்னே மனித உழைப்பும் உறவும் மறைந்துபோகும் மாயையை மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதலாம் அத்தியாயத்திலேயே விளக்கினார். புகையும் அவ்வாறே பண்டத்தின் பின்னே மறைகிறது.

விறகின் கதை இன்னும் நுட்பமானது. அமாகர் மின்னிலையத்தில் நிலக்கரிக்குப் பதிலாக மரச்சீவல் எரிக்கப்படலாயிற்று. சர்வதேசக் கணக்கு விதிப்படி மரம் எரியும் உலையின் உமிழ்வு பூச்சியம். மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக் கணக்கிலேதான் அது பதியப்படும். டென்மார்க் எரிக்கும் மரத்தில் ஒரு பகுதி எஸ்தோனியா, லத்வியா ஆகிய நாடுகளிலிருந்து வருவது. புகைபோக்கியால் வெளிவருவதோ நிலக்கரி வெளிவிடும் அதே வாயு. காடு மீள வளரப் பல்லாண்டுகள் செல்லும். சொல்லத்தகாததை வேறு வாய்பாட்டாற் சொல்லுவதை எமது இலக்கண நூலார் இடக்கரடக்கல் என்றனர். இப்பூச்சியத்தையும் அவ்வகையிற் சேர்க்கலாம்.

எனினும் இவ்வளவில் நின்றுவிடும் விமர்சனம் அரைகுறையானது. எல்லைக்குட்பட்ட கணக்கிலேனும் கொப்பன்கேகனின் உமிழ்வு பெருமளவு குறைந்தது என்பது மறுக்கவியலாதது. அதற்கு அடித்தளமிட்டவற்றைத் தேடுமிடத்து, 'காபன் நடுநிலை' என்னும் தொடர் வழங்கத் தொடங்குமுன் எழுந்த ஆவணங்களே எதிர்ப்படுகின்றன.

1947 இன் பிரதேசத் திட்டம் 'விரல் திட்டம்' எனப் பெயர் பெற்றது. நகர மையம் உள்ளங்கை. அதிலிருந்து புகையிரதப் பாதைகளைத் தழுவி ஐந்து விரல்களாய் நீளும் குடியிருப்புகள். விரலிடைகளிலே வயலும் தோப்பும். எவரும் தம் கையை விரித்துப் பார்த்து விளங்கிக்கொள்ளத்தக்க உருவகம் இது. பெரிய அலுவலகங்கள் நிலையத்திலிருந்து நடைதூரத்திலேயே அமைதல் வேண்டும் என்னும் விதி பிற்காலத்தில் இதனோடு சேர்ந்தது. காலநிலையை மனத்திற் கொண்டிராத அத்திட்டம், மோட்டார்கார் இன்றியும் வேலைக்குச் செல்லும் வாய்ப்பைத் தலைமுறை தலைமுறையாக வழங்கியது.

1973 எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க் தன் சக்தித் தேவையில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அதன் விளைவாக 1979 இல் எழுந்த வெப்ப வழங்கற் சட்டம், உள்ளூராட்சி மன்றங்கள் தத்தம் பகுதியின் வெப்பத் தேவையைக் கணித்துத் திட்டம் வகுத்தல் வேண்டும் எனப் பணித்தது. மின்னிலையங்களில் வீணாகும் வெப்பத்தை நீரிலேற்றி நிலத்தடிக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பும் முறை பரந்து விரிந்தது. தலைநகரின் வீடுகளில் ஏறத்தாழ 98 சதவீதம் இன்று இக்குழாய்களோடு இணைந்துள்ளன. நாம் அழுத்திக் கூற விரும்புவது, வெப்பத்தை இலாபத்துக்கு விற்றலாகாது, ஆகும் செலவுக்கே வழங்குதல் வேண்டும் என்னும் நியதியை. குழாய்கள் பெரும்பாலும் மாநகர சபைகளினதும் பாவனையாளர் கூட்டுறவுகளினதும் உடைமை. 2000 இல் நகரத்துக்கு எதிரே கடலில் எழுந்த மிடெல்குறுண்டன் காற்றாலைகள் இருபதில் பாதி, 8,000 க்கு மேற்பட்ட அங்கத்தவரைக் கொண்ட கூட்டுறவொன்றினுடையது. கொப்பன்கேகனைப் போற்றி எழுதுவோர் துவிச்சக்கரவண்டியைப் படம் பிடிக்குமளவுக்கு இவ்வுடைமை உறவைப் பிடிப்பதில்லை.

2012 இன் ஏடோ 'பசுமையான, திறன்மிக்க, காபன் நடுநிலையான நகரம்' எனத் தன்னைத் தலைப்பிட்டுக்கொண்டது. 'நகரம்' என்னும் இவ்வெழுவாய்க்குள் வர்க்கப் பிளவு தெரிவதில்லை. ஆனால் நிலத்தடிப் புகையிரதம் கட்டப்பட்ட வகையில் அது தெரியும். 1992 இன் எரெஸ்தாத் சட்டம் வகுத்த வழி, பொது நிலத்தை விற்று வரும் பணத்தால் அப்புகையிரதத்தின் கடனைத் தீர்த்தல். நிலவிலை உயர்ந்தாலன்றிக் கடன் தீராது; உயர்ந்தாலோ, அப்பாதையருகே குடியிருக்க இயலுவோரில் தாதியரும் பஸ் சாரதிகளும் அருகிப்போவர். உமிழ்வைக் குறைக்கும் போக்குவரத்து நிலவாடகையின் மீது நிறுவப்பட்டமை ஓர் அகமுரண்பாடு.

கூரையிலே பனிச்சறுக்குச் சரிவு அமைந்த அமாகர் பக்கே கழிவெரி நிலையம் 2017 இல் இயங்கத் தொடங்கியது. அது ஐந்து உள்ளூராட்சி மன்றங்களின் உடைமை என்பதை எமது வாதத்துக்கு இடைஞ்சலாயினும் நாம் மறைத்தல் ஆகாது. கடன்பட்டுக் கட்டிய பேருலை எரிப்பதற்குக் குப்பையைத் தேடிற்று. வெளிநாட்டுக் குப்பை இறக்குமதியாயிற்று. உடைமை பொதுவாயிருந்தும் இயக்கும் நியதி சந்தையினதாயிருந்தால் விளைவு எவ்வாறிருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நாம் கண்டதில்லை. 2025 இலக்கு ஈற்றில் இவ்வுலையின் புகையிலிருந்து காபனைப் பிடித்தெடுப்பதையே நம்பி நின்றது. அதற்கான அரச நிதியத்தின் நிபந்தனைகளை நிலையத்தால் நிறைவுசெய்ய இயலாமற் போகவே, இலக்கு உரிய ஆண்டில் எட்டப்படாது என 2022 ஆகஸ்ற்றில் நகரத் தலைமை அறிவித்தது.

இத்தோல்வியைக் கண்டு திட்டமிடலே வீண் என மகிழ்ந்தோர் உளர். குழாய்களும் புகையிரதங்களும் அவர்களுக்குப் பதிலிறுக்கும். நகர சபையின் அடுத்த திட்டமுயற்சி, வெளியே உற்பத்தியாகி நகரத்தில் நுகரப்படும் பண்டங்களின் உமிழ்வையும் கருத்திற் கொள்ளத் தலைப்பட்டுள்ளது. துணி தட்டில் ஏறத்தொடங்கிவிட்டது. அதனைச் சுமந்துவரும் கப்பலையும் அது விற்கப்படும் தெருவின் நிலவாடகையையும் யார் ஏற்றுவர் என்பது இன்னும் தெளிவாகவில்லை.