'தீண்டப்படாத' கிராமங்கள்: செட்டிநாட்டுச் சுற்றுலாத் திட்டம் குறித்து

சுற்றுலாத்துறைக்காரர்களின் ஆங்கிலத்தில் 'அன்டச்டு வில்லேஜ்' என்று ஒரு பிரயோகம் உண்டு. நவீனத்தின் கை படாத ஊர் என்று அர்த்தம். அப்படியே தமிழாக்கினால் 'தீண்டப்படாத கிராமம்' என்று வந்து நிற்கும். மொழிபெயர்ப்பவர் சுதாரித்துக்கொண்டு 'எழில் மாறாத' என்று திருத்திவிடுவார். திருத்தப்பட்ட அந்தச் சொல் எதை மறைக்கப் பார்த்தது என்பதுதான் இங்கே பேச்சு.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிற செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடுகள் சில விடுதிகளாகிவிட்டன. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே வருஷம் மாநில அரசின் சுற்றுலாக் கொள்கையும் வெளிவந்தது. கண்மாய் நிரம்பினால் விவசாயம், இல்லாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்கிற பூமி இது. இங்கே வந்து சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்வது, சாப்பிட்டு முடித்தவன் பட்டினியின் புனிதம் பற்றிப் பேசுகிற மாதிரி. நான் அதைச் சொல்ல வரவில்லை. திட்டம் என்பது ஒரு பிரதி. அதில் யார் எழுதப்படுகிறார்கள், யார் அழிக்கப்படுகிறார்கள் என்று வாசித்துப் பார்க்கலாம் என்கிறேன்.

ஜான் உர்ரி 1990இலேயே சுற்றுலாப் பயணியின் பார்வை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பார்வை தானாக உண்டாவதல்ல, நிறுவனங்களால் கட்டமைக்கப்படுவது என்பது அவர் வாதம். செட்டிநாட்டில் அந்தப் பார்வை முதலில் போய் விழுகிற இடம் வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற வீடு. பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல். வழிகாட்டி தேக்கைத் தட்டிக் காட்டுவார். பர்மாவைத் தட்டிக் காட்டமாட்டார். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்தது ஏறத்தாழ 6 சதவீத நிலம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன்பட்ட விவசாயி வயலை இழந்தான், 1938இல் அது 25 சதவீதம் ஆயிற்று. வீடுகளில் பெரும்பாலானவை எழுந்தது அதற்கு முந்தைய தலைமுறைகளின் வட்டியில். மந்தம் வந்ததும் கட்டுகிற வேகமும் அடங்கியது. 1942இல் ஜப்பான் படை நுழைந்தது. பிறகு சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. ஆக இந்த வீட்டின் கதையில் கடன்காரன் ஒருவன் இருக்கிறான், அகதியாக நடந்து திரும்பியவனும் இருக்கிறான். 'பொற்காலம்' என்ற ஒற்றைச் சொல் இருவரையும் துடைத்துவிடுகிறது.

இன்னொன்று. இந்த வீடு யாருடையது? நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. கோயில் வரியே புள்ளிக் கணக்கில்தான். மகன்களுக்கு வளவைச் சுற்றி அறைகள். மூன்று தலைமுறை கழிந்தால் ஒரு வீட்டுக்கு ஐம்பது பேர் பங்காளிகளாக நிற்பது சாதாரணம். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற ஐம்பது கையெழுத்து வாங்கவேண்டும். தூணைக் கழற்றி விற்க அத்தனை சிரமம் இல்லைபோலும். அதனால்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வியாபாரம் செழித்தது. வீடு இடிந்தால் 'பாரம்பரியம் போச்சே' என்று நாம் புலம்புகிறோம். பாரம்பரியம் இங்கே பாகப்பிரிவினைச் சிக்கல் என்பது எந்தக் கையேட்டிலும் வராது. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கதவு திறக்கிற வீட்டை மற்ற நாட்களில் கூட்டிப் பெருக்கிக் காவல் காப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். புகைப்படத்தில் அவர்கள் விழுந்தால் 'நிறம்' சேர்க்கத்தான்.

வீட்டை விட்டு வெளியே வருவோம். சுற்றுலா விளம்பரத்துக்குத் தோதான இன்னும் இரண்டு காட்சிகள் இந்தப் பக்கம் உண்டு: ஐயனாருக்கு எடுக்கிற மண்குதிரை, கோயில் தேர். 1979இல் தேவகோட்டைப் பக்கத்து உஞ்சனையில் புரவி எடுப்புத் தகராறில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமையைத் தலித்துகள் கேட்டதில் 1998இலிருந்து வழக்கு, போலீஸ், தடை என்று போய், நெடுங்காலம் நின்றுகிடந்த தேர் 2024 ஜூனில் பலத்த காவலோடு ஓடியது. தேர் ஓடாத வருஷங்களிலும் இந்த வட்டாரத்தின் 'காலம் உறைந்த அழகு' விற்பனையில்தான் இருந்தது. காலம் உறைந்துதான் இருந்தது, அதில் பொய் இல்லை. யாருக்கு உறைந்தது என்பதைச் சொல்லாமல் விட்டதில்தான் அரசியல். ஊரணியின் படிக்கட்டுகளை மழைநீர்ச் சேமிப்பின் அற்புதம் என்று காட்டுகிறார்கள், அற்புதம்தான். அந்தப் படியில் இறங்க யாருக்கு அனுமதி இருந்தது என்று வெள்ளைக்காரப் பயணி கேட்கமாட்டார். நாமும் கேட்பதில்லை. உள்ளூர் மத்தியதர வர்க்கமான நாமே நம் ஊரைப் பயணியின் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டோம் என்று எனக்குச் சந்தேகம்.

இதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வந்த விருந்தாளிக்காக ஊர் தானே முடிவெடுத்து ஒரு பழக்கத்தை விட்டிருக்கிறது. எந்த ஆலோசனை நிறுவனமும் அறிக்கை கொடுத்து இது நடக்கவில்லை. (இதையும் 'சுற்றுலா அம்சம்' என்று பட்டியலில் சேர்க்காமல் இருந்தால் சரி.)

சுற்றுலாத் திட்டங்களில் 'சமூகப் பங்கேற்பு' என்று ஒரு தலைப்பு தவறாமல் இருக்கும். பெரும்பாலும் சமையல், கூடை முடைதல், கூட்டுநடனம். பங்கேற்பு என்றால் வருமானத்தில் பங்கா, வேலையில் பங்கா, முடிவெடுப்பதில் பங்கா? ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றிக் கல் வார்க்கிறவரின் கையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஒரு சதுரஅடிக்கு அவருக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. திட்ட வரைவை, கலைச்சொல் மூட்டையை அவிழ்த்து, நல்ல தமிழில் அங்கே வாசிக்கலாம். விடுதிக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் எவ்வளவு, பாரம்பரிய நடைபாதை எந்தத் தெருவோடு நிற்கிறது, ஏன் அதற்கப்பால் போகவில்லை என்று சேரிக்காரர் எழுந்து கேட்கட்டும். ஆனால் கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சிகள். அங்கே கிராம சபையும் கிடையாது.